துர்காபாய் அம்மையார் கற்ற சட்டம்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பேசுவதற்குரிய தலைப்பை நாமே தெரிந்து கொள்ளலாம் எனச் சங்கச் செயலாளர் கூறினார். நாம் தெரிந்து கொண்டது ஒரு பெண்மணியின் வரலாறு. வழக்கறிஞராய் இருந்து, நாட்டின் அரசியல் சட்டத்தை ஆக்கிய அவையிலே அமர்ந்து, குடும்ப வழக்குகளைப் பேசித் தீர்க்கும் நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்று முதன்முதல் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் அவர். துர்காபாய் தேஷ்முக் என்பது அவர் பெயர். சென்னையில் அடையாற்றுப் பக்கம் பேருந்தில் செல்வோர் அவர் பெயரைத் தாங்கிய சாலையைக் கண்டிருக்கக்கூடும். அங்குள்ள ஆந்திர மகிளா சபையின் மருத்துவமனையில் நம் ஊரார் சிலர் வைத்தியம் பார்த்துக் கொண்டதும் உண்டு. அந்தச் சபையை நிறுவியவர் அவரே.

"அவர் நம் இனத்தவர் அல்லரே, நம் விழாவில் அவரைப் பற்றி என்ன பேச்சு?" என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள் சிலர் எண்ணுவது நமக்குத் தெரியாமலில்லை. நியாயமான கேள்வியே. விடை கூறுமுன் நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்ல நமக்கு வெட்கமே; எனினும் சொல்கிறோம்.

நாம் ஆசிரியப் பணியேற்ற மூன்றாம் ஆண்டு. ஏழாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார், கணவனை இழந்தவர், மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை முந்தானையிலிருந்து எடுத்து நம்மிடம் நீட்டினார். "ஐயா, கடன் வாங்கினதுக்குக் கைநாட்டு வெச்சேன். இப்ப நிலம் அவங்களுதுன்னு சொல்றாங்க. இதுல என்னதான் எழுதியிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார். படித்துப் பார்த்தோம். கடன் சீட்டு அன்று, கிரயப் பத்திரம். முப்பது சென்ட் நிலம், அவர்களுக்கிருந்த ஒரே நிலம், விற்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. "அம்மா, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கூறி அனுப்பிவிட்டோம். ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரி, உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட வழியுண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அதற்குள் அத்தாயார் மறைந்துவிட்டார். பி.ஏ., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக் கொண்டிருந்த நமக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தது. அதனை எதிர்க்கத் தெரியவில்லை.

துர்காபாய் அம்மையார் சட்டம் படிக்கத் துணிந்ததும் இத்தகைய பெண்களைக் கண்டே. ஆதலின்தான் அவர் வரலாற்றை இங்கே எடுத்தோம்.

அவர் 1909-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் திருமணம் செய்து வைத்தனர். பருவமடைந்து விவரம் தெரிந்தபின் அம்மண வாழ்வை அவர் ஏற்கவில்லை; வீட்டாரும் அவர் பக்கம் நின்றனர். பிராமணக் குடும்பத்தில் அக்காலத்தில் இஃது எளிய செயலன்று. சிறுமியாய் இருந்தபோதே தாம் கற்ற இந்தியை அண்டை அயற் பெண்களுக்குக் கற்பிக்கப் பள்ளி ஒன்று நடத்தினார். 1923-இல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, கண்காட்சி வாயிலில் தொண்டராக நின்ற அச்சிறுமி, நுழைவுச் சீட்டு இல்லை என்று ஜவாஹர்லால் நேருவையே தடுத்து நிறுத்தினார். சீட்டு வாங்கித் தந்த பின்னரே அவரை உள்ளே விட்டார். இக்கதையை எல்லோரும் சொல்வர், நாமும் சொல்லிவிட்டோம். அதே 1923-இல்தான், பெண்கள் வழக்கறிஞராகலாம் என இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. வாயிலில் நின்ற அச்சிறுமிக்கு அச்செய்தி எட்டியிருக்க நியாயமில்லை.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம். நம் மரக்காணத்து உப்பளங்களிலே முழங்கால் வெடிக்க வெயிலில் நின்று உப்பு வாரும் நம் மக்களுக்கு உப்பின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னையில் நடந்த அப்போராட்டத்தில் துர்காபாய் முன்நின்று சிறை சென்றார். 1930-க்கும் 1933-க்கும் இடையே மும்முறை சிறை. வேலூரிலும் மதுரையிலும் அடைபட்டார். மதுரையில் தனிக்கொட்டடியில் வைக்கப்பட்டு உடல்நலம் குலைந்தார்.

சிறையில் அவர் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற பெண்கள் பலரைக் கண்டார். எழுத்தறியாதவர்கள். தம் மீது சாட்டப்பட்ட குற்றம் யாது, சட்டம் தமக்கு என்ன காப்பு அளிக்கிறது என்பதை அறியாதவர்கள். தமக்காகப் பேச ஒருவரும் இன்றித் தண்டனையை ஏற்றுக் கொண்டு வந்தவர்கள். சட்டம் கற்று இவர்களுக்காக வழக்காட வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் அவர் உள்ளத்தில் வித்தாக விழுந்தது.

இளைஞர்களே, ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1933-இல் சிறையினின்று வெளிவரும்போது அவருக்கு வயது 24. கையில் மெட்ரிகுலேஷன் சான்றிதழ்கூட இல்லை. நம் தெருவில் பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறிவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டுவிடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவரோ அந்த வயதில் வீட்டிலிருந்தே படித்துக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். அடுத்து இண்டர்மீடியட். பின்பு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் பயிலச் சென்றார். பெண்களுக்கு விடுதி இல்லை என்றனர். செய்தித்தாளில் விளம்பரம் செய்து, படிக்க விரும்பும் பெண்களைத் திரட்டி, தாமே விடுதிக்கு ஏற்பாடு செய்து கொண்டார். 1942-இல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞரானபோது அவருக்கு வயது 33.

தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் வைத்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் அவர் தொடங்கிய சிறு மன்றம் 1937-இல் ஆந்திர மகிளா சபையாக வளர்ந்தது. பள்ளியை இடையில் விட்ட பெண்களும் கைம்பெண்களும் அங்கு வந்து, அவர் எழுதிய அதே காசித் தேர்வுக்குப் படித்தனர். பிற்காலத்தில் அவர் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானபோது, 1958-இல், வயது வந்த பெண்களுக்குச் சுருக்கக் கல்வித் திட்டம் என்ற பெயரில் நாடெங்கும் இம்முறை பரவிற்று. ஓட்டு வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்து நம் சங்கம் தொடங்கிய மாலை வகுப்பும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே என்று நாம் சொன்னால், மூத்த உறுப்பினர்கள் மறுக்கமாட்டார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைத்து வந்தவரை 1946-இல் சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினர். அந்த அவையில் அமர்ந்த பெண்கள் பதினைவரே. தலைவர் இல்லாத வேளைகளில் அவையை நடத்துவோர் வரிசையில் வைக்கப்பட்ட ஒரே பெண்ணும் அவர்தான். வழக்கறிஞரின் பழக்கம் அங்கே அவருக்குப் பெரிதும் உதவிற்று. வழக்கறிஞர் என்பவர் பத்திரத்தின் ஒவ்வொரு சொல்லையும் உரைத்துப் பார்ப்பவர் அன்றோ?

அவ்வாறு அவர் உரைத்துப் பார்த்த சொற்களுள் ஒன்று நம்மைத் தொடுவது. சமய உரிமை பற்றிய பிரிவில், பொதுத்தன்மை வாய்ந்த இந்துக் கோயில்களைத் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்று முதலில் வரைந்திருந்தனர். யாருக்குத் திறந்துவிட? "ஏதேனும் ஒரு வகுப்பினருக்கோ பிரிவினருக்கோ" என்னும் பொருள்பட அங்கு எழுதியிருந்தது. 1948 டிசம்பரில் அப்பிரிவு விவாதத்திற்கு வந்தபோது துர்காபாய் எழுந்து ஒரு திருத்தம் கொண்டு வந்தார். "எல்லா வகுப்பினருக்கும் பிரிவினருக்கும்" என்று மாற்றுக என்பதே அது. மாணவர்களுக்கு இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இஃது ஒரு சிறந்த பாடமாகத் தோன்றுகிறது. முதற் சொற்படி ஓர் அரசு, ஒரு சாதியாரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, நம்மை வழக்கம்போல் வெளியே நிறுத்திவிட்டு, சட்டப்படி நடந்து கொண்டோம் எனலாம். இரண்டாஞ் சொற்படி அவ்வாறு சொல்ல வழியில்லை. இன்று 25-ஆம் பிரிவில் "எல்லா" என்னும் சொல்லே நிற்கிறது.

அந்தச் சொல் ஏட்டில் உறங்கவில்லை. சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தென் கன்னட மாவட்டத்து முல்கியில் ஒரு குறிப்பிட்ட வகுப்பார்க்கே உரிய கோயில் எம் கோயில், இச்சட்டம் எம்மைக் கட்டாது என்று அதன் அறங்காவலர்கள் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1957-இல் உச்ச நீதிமன்றம் இந்த 25-ஆம் பிரிவின் சொற்களை எடுத்து வைத்தே, சில சடங்குகளை அவ்வகுப்பார் தமக்கென வைத்துக் கொள்ளலாம், எனினும் கோயிலுக்குள் நுழையும் உரிமை எல்லா இந்துக்களுக்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. கோயிலுக்குப் போவதும் போகாமலிருப்பதும் அவரவர் விருப்பம். நம்முள் புத்தம் தழுவியோர் உண்டு, கிறித்தவர் உண்டு, சாமியே இல்லை என்பாரும் உண்டு. போகக்கூடாது என்று பிறர் சொல்வதே நாம் பொறுக்கலாகாதது.

இன்னொரு திருத்தம் இளைஞர்களுக்கு. மாநிலங்களவை உறுப்பினராக 35 வயது நிரம்ப வேண்டும் என்றிருந்ததை 30 ஆகக் குறைக்க வேண்டுமென்று வாதாடி வென்றவர் அவரே. அறிவு வயதைப் பொறுத்ததன்று என்பது அவர் வாதம். ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியராகிய நாம் இதனை அரை மனத்தோடுதான் ஒப்புக்கொள்கிறோம்!

மொழிச் சிக்கலிலும் அவர் நேர்மை வெளிப்பட்டது. தென்னாட்டில் இந்தியைப் பரப்பச் சிறு வயது முதல் உழைத்தவர் அவர். அவரே 1949 செப்டம்பரில், இந்தியின் பெயரால் வடநாட்டார் காட்டிய வேகத்தைக் கண்டு அதிர்ச்சியுற்று, அவையிலே அதை வெளிப்படையாகக் கூறினார்.

அந்த அவையில் நம் இனத்துப் பெண் எவரும் இருந்திலரோ என்று கேட்பீர்கள். ஒருவர் இருந்தார். கொச்சியைச் சேர்ந்த தாட்சாயணி வேலாயுதன். அவரும் சென்னை மாகாணத்திலிருந்தே தெரிவானவர். நம்மைப் போல் ஆசிரியர். தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்திற்கு வந்த 1948 நவம்பர் 29-ஆம் நாள் அவர் பேசினார். ஏட்டில் எழுதிய சட்டத்தைக் காட்டிலும் மக்கள் நடந்து கொள்ளும் முறையைப் பொறுத்தே இவ்வரசியல் சட்டம் பயன்தரும் என்ற கருத்தைச் சொன்னார். அவர் வரலாறு தனியே ஒரு நாள் பேசற்குரியது. அடுத்த ஆண்டு விழாவுக்கு அதனை வைத்துக் கொள்வோம்.

தற்காலிக நாடாளுமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டு வந்தபோது துர்காபாய் அதனை ஆதரித்து நின்றார். அம்மசோதா முடங்கியதையொட்டி 1951-இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்த வரலாற்றை இச்சங்கத்தின் பிள்ளைகள் அறிவர். 1952 பொதுத் தேர்தலில் துர்காபாய் தோற்றார். வீட்டில் முடங்கவில்லை. திட்டக் குழுவில் பணி. 1953 ஜனவரியில் அந்நாளைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை மணந்து கொண்டார். அவ்வாண்டே சமூக நல வாரியத் தலைமை. 1958-இல் பெண் கல்விக்கான தேசியக் குழுவின் தலைமை. 1975-இல் பத்ம விபூஷண். பட்டியல் நீளும், நமக்கு வேண்டியது வேறு.

அது குடும்ப நீதிமன்றம். 1953-இல் அவர் சீனா சென்றார். அங்கே கணவன் மனைவியர் வழக்குகளைத் தனி நீதிமன்றத்தில் வைத்துப் பேசித் தீர்க்கும் முறையைக் கண்டார். திரும்பி வந்து நேருவிடமும், பம்பாய் உயர் நீதிமன்றத்து நீதிபதிகள் சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் அதுபற்றிப் பேசினார். 1974-இல் சட்ட ஆணையம் தன் 59-ஆம் அறிக்கையில் இத்தகைய நீதிமன்றம் வேண்டும் என்றது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல்தான் நிறைவேறிற்று. அதனைக் காண அவர் இல்லை. 1981 மே 9-ஆம் நாள் மறைந்துவிட்டார். ஓர் எண்ணம் சட்டமாக முப்பத்தோராண்டு!

அச்சட்டத்தின்படி நீதிபதி முதலில் இரு தரப்பாரையும் அமர்த்திச் சமரசத்திற்கு முயல வேண்டும். ஆலோசகர்கள் உதவுவர். வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. பெண் தானே நின்று தன் வாயால் தன் குறையைக் கூறலாம். வழக்கறிஞராக வாழ்ந்த ஒருவர் விரும்பிய நீதிமன்றம் வழக்கறிஞரின்றியும் நடக்கக்கூடியது என்பதை எண்ணிப் பாருங்கள். சிறையில் கண்ட, பேச ஆளற்ற பெண்களை அவர் மறக்கவில்லை என்றே நாம் கொள்கிறோம்.

"நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் பேசித்தானே தீர்க்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்லக் கூடும். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நம் தெருப் பஞ்சாயத்தில் அந்தப் பெண் எங்கே நிற்கிறாள்? ஆண்கள் திண்ணையில் அமர்ந்திருக்க, அவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்காக அவள் அண்ணன் பேசுகிறான், மாமன் பேசுகிறான். அபராதத் தொகை பேசி முடித்த பின் அவளிடம் "சம்மதந்தானே?" என்று கேட்கிறோம். மற்றவர் நமக்குச் செய்வதை நாம் கண்டிக்கிறோம். நாம் அவளுக்குச் செய்வதை வழக்கம் என்கிறோம்.

மேலும் ஒன்று. சமரசம் எங்கு தகும், எங்குத் தகாது என்பதை நாம் பிரித்தறிய வேண்டும். கணவன் மனைவி, பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு போன்றவை பேசித் தீர்க்கத் தக்கவை. நம் பிள்ளையைச் சாதி சொல்லி அடித்ததும், நம் பெண்ணிடம் முறைதவறி நடந்ததும் பேசித் தீர்க்கத் தக்கவை அல்ல. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. "அக்கம் பக்கம் வாழ வேண்டியவர்கள், பணத்தை வாங்கிக் கொண்டு விட்டுவிடுங்கள்" என்று ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும்போது, அதனைச் சமரசம் என்னும் நல்ல சொல்லால் அழைக்காதீர்கள். சட்டப்படி அமைந்த மக்கள் நீதிமன்றங்களே இராஜியாகத் தகாத குற்றங்களைத் தொடக்கூடாது என விதி இருக்க, திண்ணைக்கு ஏது அந்த அதிகாரம்? மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்பி முடிந்த வழக்கிற்கு மேல்முறையீடு இல்லை என்பதையும் தெரிந்து கொண்டே கையெழுத்திட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின்படி பட்டியல் இனத்தவர் எவருக்கும், பெண்கள் எவருக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தர வேண்டும். அதற்குரிய வட்டச் சட்டப் பணிகள் குழு திண்டிவனம் நீதிமன்றத்தில் உள்ளது. வெள்ளைத் தாளில் எழுதிய மனு போதும். அன்று அந்தத் தாயாரை நாம் திருப்பி அனுப்பிய இடம் அவர் வீடு. அனுப்பியிருக்க வேண்டிய இடம் நீதிமன்றம்.

விழுப்புரத்தில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி நடைபெற்று வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு, பட்டத்திற்குப் பின் மூன்றாண்டு எனப் படிப்பு இரு வகைப்படும். நம் தெருவில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் சட்டம் படிக்க விரும்புகிறாள். பெயரைச் சொன்னால் நாணுவாள். "கோர்ட்டு கச்சேரின்னு அலையற பொண்ண எவன் கட்டுவான்?" என்று அவள் தந்தையார் நம்மிடம் கேட்டார். அவரும் இங்கு அமர்ந்திருக்கிறார். அண்ணே, எட்டு வயதில் கட்டி வைக்கப்பட்டதை உதறிவிட்டு வந்த பெண், 33 வயதில் வழக்கறிஞராகி, 43 வயதில் தன் விருப்பப்படி நிதியமைச்சரைக் கட்டிக் கொண்ட கதையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னோம். உங்கள் மகளுக்கு நிதியமைச்சர் கிடைப்பார் என்று நாம் வாக்களிக்க முடியாது. கட்டணத்தையும் புத்தகச் செலவையும் முதலாண்டுக்குச் சங்கம் ஏற்கும் என்று நேற்றுச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் பத்திரம் வாசிக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்குகிறோம். கைநாட்டு வைக்குமுன் அத்தாளை அங்குக் கொண்டு வாருங்கள். நாம் இருப்போம், திண்டிவனத்திலிருந்து இளம் வழக்கறிஞர் இருவர் வருவதாக ஒப்புக் கொண்டிருக்கின்றனர். சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான விவரங்கள் செயலாளரிடம் உள்ளன.